பழைய காரின் இடப்பக்க இருக்கை

1990ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு வாசலில் கார் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தேன். முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டி முடித்திருந்தேன். மனைவி கதவைப் பூட்டிவிட்டு வந்தாள். வழக்கம்போல் இடப்பக்கக் கதவுக்குப் போகாமல் என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“நான் பஸ்ஸில போறன்.”

“ஏன், என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை. பஸ் சூடா இருக்கும். நீங்கள் போய்ப் படுங்கோ.”

இடது கையை இடுப்பில் வைத்தபடி அவள் தெருமுனைக்கு நடந்து போனாள். என் கொப்பியில் அன்றைய குறிப்பில் இரண்டே சொற்கள்தான் இருக்கின்றன: ‘மனைவி பஸ்.’ அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாளும் அதே.

இதில் என்ன பெரிய விடயம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் நேரக் கணக்கைச் சொல்ல வேண்டும். அவள் ஒரு ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை செய்தாள். கட்டில் விரிப்புகளை எடுத்து அடுக்கி வண்டியில் ஏற்றுகிற வேலை. ஏழு மணிக்கு ஷிப்ட் தொடங்கும், மூன்று மணிக்கு முடியும். நான் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் பின்னேர ஷிப்ட். ஒன்றரைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டால், திரும்பி வரும்போது அவள் நித்திரை. சனிக்கிழமைகளில் எனக்கு ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு நிறைய ஆட்கள். ஆகவே ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் விழித்திருந்து, வேறு எவரும் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் இருந்தது காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த இருபத்தைந்து நிமிடங்கள்தான். ஐந்து நாட்கள், ஐந்து இருபத்தைந்து நிமிடங்கள். அவற்றைத்தான் அவள் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு முதுகு வலி இருந்தது எனக்குத் தெரியும். முந்தைய வருடம் மாசி மாதம் தொடங்கியது. இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது என்றாள், எண்ணெய் பூசினாள், அட்டை போலத் தடிப்பான பெல்ட் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். காருக்குள் ஏறும்போது ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடிப்பாள். இருக்கையில் பட்டதும் “ஸ்ஸ்” என்பாள். அது வலியா குளிரா என்று நான் கேட்டதில்லை. குளிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

இருக்கைக்குச் சூடு போடுகிற யோசனை அவளுடைய அண்ணனின் காரிலிருந்துதான் வந்தது. அவர் ஹரோவில் இருந்தார். அந்த ஐப்பசியில் அவர் எடுத்த புதுக் காரில், பொத்தானை அமத்தினால் முன்னிருக்கைகள் சூடாகும். ஒரு கலியாண வீட்டுக்கு அதில் போய்வந்த மனைவி, இறங்கும்போது, “இடுப்புக்கு ஒத்தடம் குடுத்த மாதிரி” என்றாள். அப்படி ஒரு முகத்தோடு அவள் எந்தக் காரிலிருந்தும் இறங்கியதை நான் பார்த்ததில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கதையை மெல்லத் தொடங்கினேன்.

“மச்சான், பழைய காருக்கும் அந்தச் சூட்டுச் சீற் போடலாமாம். தனியா விக்கிறாங்களாம்.”

அவர் கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே என் காரைப் பார்த்தார். “அதுக்கோ? என்ன காணும், கிழவனுக்குக் காது குத்திக் கடுக்கன் போடப் போறீரே? வித்துப்போட்டு ஒரு புதுசை எடும்.”

“அடுத்த வருசம் விக்கத்தான் இருக்கிறன்.”

“அப்ப ஏன் உந்தக் கூத்து? அதோட உந்தச் சூட்டில கனநேரம் இருந்தால் மூலம் வரும், தெரியுமே? நாங்களெல்லாம் சூட்டு உடம்புக்காரர்.”

குசினி அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அப்ப அண்ணை, உங்களுக்கு வந்திட்டுதோ?”

மச்சானின் மனைவி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ‘அடுத்த வருசம் விக்கத்தான் இருக்கிறன்’ என்று நான் சொன்னது எனக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். காரை வாங்கியது 1983ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில். ஜப்பான் கார், அப்போதே நான்கு வயது. அது வந்த நாளிலிருந்து அதற்கென்று தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், எத்தனையாவது மைலில் எந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது, எல்லாம் அதில் இருக்கும். 1985 ஜனவரிப் பக்கத்தின் தலையில் ‘இந்த வருடம் கார் விற்க வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். 1986 ஜனவரியிலும் அதே வசனம். 1987, 1988, 1989, 1990. மை மட்டும் மாறியிருந்தது. இந்த ஊரில் நான் எடுத்த முடிவுகளில் ஆறு வருடம் அசையாமல் இருந்தது அது ஒன்றுதான். விற்கப்போகிற காருக்கு யார் புதிதாக ஒன்றைப் பூட்டுவார்கள்? அதனால்தான் ரேடியோ கூட மாற்றவில்லை. ஜன்னல் கைப்பிடி ஒன்று உடைந்தபோதும் குறட்டால் பிடித்துத் திருப்பினேன்.

டிசம்பர் முதல் வாரம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் ஆறு பத்துக்கு எழும்பி, போவதற்கு இடமில்லாமல், காரின் கண்ணாடியைச் சுரண்டினேன். நூலகத்தில் கார் மின்சாரம் பற்றிய மூன்று புத்தகங்களை எடுத்து வந்து வாசித்தேன். டைனமோ எவ்வளவு தாங்கும், முன்விளக்கும் துடைப்பானும் ஹீற்றரும் ஒன்றாக ஓடினால் என்ன மிஞ்சும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் ‘போடலாம்’ என்று வந்தது. மறு நாள் ‘கூடாது’ என்று வந்தது. வேலையிடத்தில் கடிதங்களைத் தவறான பெட்டிகளில் போட்டு மேலாளரிடம் பேச்சு வாங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை செய்ததை இப்போதும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் காரை விட்டேன். பஸ் நின்ற ஒவ்வொரு தரிப்பிலும் நானும் நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு வளைவில் பஸ் திரும்பும்போது மேல்தட்டின் பக்க ஜன்னலில் அவளைக் கண்டேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். நித்திரை இல்லை, கண் திறந்திருந்தது. எதையும் பார்க்காமல் இருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவள் நேரே என் காரை நோக்கி வந்தாள்.

“என்ன, பஸ்ஸுக்குக் காவலோ?”

“இல்லை... இந்தப் பக்கம் ஒரு அலுவல்.”

“விடியக் காலமை ஏழு மணிக்கு என்ன அலுவல்? கடை ஒண்டும் திறக்கேல்லை.”

“ஏனப்பா என்னோட வாறீர் இல்லை? சீற் குளிரெண்டால் சூடு போடுவம். விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்.”

அவள் பெருமூச்சு விட்டாள். வாயிலிருந்து புகை வந்தது. “சீற் குளிர்தான். ஆனால் காருக்குள்ள நீங்கள் என்னோட கதைக்கிறேல்லை, காரோடதான் கதைக்கிறியள். பின்சில்லுச் சத்தம் போடுது, கிளட்ச் இழுக்குது. நான் வந்தாலென்ன வராட்டிலென்ன?”

அவள் உள்ளே போனாள். நான் திரும்பி வரும் வழியில் பின்சக்கரச் சில்லிலிருந்து உண்மையிலேயே சத்தம் கேட்டது. அன்று அதைக் குறித்துவைக்கவில்லை.

அடுத்த நாள் ஓவர்டைமுக்குப் போகாமல் வில்ஸ்டன் பக்கம் போனேன். அங்கே ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே எங்கள் ஆள் ஒருவர் கார் மின்வேலை செய்துகொண்டிருந்தார். முன்பு கப்பலில் மின்வேலை செய்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

நான் தாளை விரித்து என் கணக்கைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து இருக்கையை விரலால் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது.

“அண்ணை, இதென்ன?”

“அது உறை.”

கார் வாங்கிய முதல் கிழமையே நான்கு இருக்கைகளுக்கும் தடிப்பான கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் அளவெடுத்து உறை போட்டிருந்தேன். தலை எண்ணெய் பிரளும், ஏறுகிறவர்களின் பிள்ளைகள் சத்தி வாந்தி எடுப்பார்கள், கோயிலால் வரும்போது திருநீறும் சந்தனமும் கொட்டும். அழுக்கில்லாத இருக்கை என்றால் விற்கும்போது வாங்குபவனுக்குப் பிடிக்கும். எங்கள் ஆட்களின் கார்களில் அந்தக் காலத்தில் இது புதுமையில்லை. சோபாவுக்கும் அப்படித்தான், தொலைக்காட்சியின் ரிமோட்டுக்கும் அப்படித்தான். ஆனால் ஏழு வருடம் ஒரு நாளும் கழற்றாமல் வைத்திருந்தவன் நானாகத்தான் இருப்பேன். கோடையில் தொடையில் ஒட்டும், மாரியில் பனிக்கட்டி மாதிரி இருக்கும், வளைவில் திரும்பினால் ஆள் வழுக்கும். வழுக்காமல் இருக்க அவள் காலை ஊன்றி, முதுகை இறுக்கிக்கொண்டு இருப்பாள். ஒருமுறை, 1986ஆக இருக்க வேண்டும், “உந்தப் பிளாஸ்ரிக்கைக் கழட்டினால் என்ன?” என்று கேட்டாள். “விக்கேக்க கழட்டுவம்” என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

மின்வேலைக்காரர் மெல்லிய பாய் போன்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே கம்பி வளைந்து வளைந்து ஓடியது. “இதைச் சீற்றின்ர துணிக்குக் கீழ வைச்சு வயரை முன்னுக்குக் கொண்டு வாறது. சுவிட்சைப் போட்டால் சூடு வரும். ஆனால் உந்தப் பிளாஸ்ரிக்குக்குள்ள சூடு வைச்சீங்களெண்டால்...”

மேலே ரயில் வந்தது. இருவரும் காத்திருந்தோம். ரயில் போனது.

“...அக்காவை இடியப்பம் மாதிரி அவிச்சுத்தான் இறக்குவியள்.”

“கழட்டத்தான் வேணுமோ?”

“பின்னே? ஆருக்காக வைச்சிருக்கிறியள்?”

“விக்கேக்க...”

“இந்தக் காரை வாங்கப்போறவனுக்காகவோ?” அவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். சில்லுக்கு மேலே துருப்பிடித்த இடத்தில் பெருவிரலை வைத்தார். விரல் உள்ளே போனது. “அண்ணை, குறை நினையாதேங்கோ. இதை ஒருத்தரும் வாங்கமாட்டினம். நீங்கள்தான் கடைசி ஆள். ஓடுமட்டும் ஓடுங்கோ.”

வாங்கியவரும் நான், வாங்கப்போகிறவருக்குப் பதிலாக இருக்கிறவரும் நான். அந்த வளைவுக்குள் நின்று இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு முழு ரயில் நேரம் பிடித்தது.

“ரெண்டு சீற்றுக்கும் போடலாமோ?” என்று கேட்டேன்.

“டைனமோ தாங்காது. ஒண்டு போடலாம். உங்களுக்கோ அக்காவுக்கோ?”

“இடப்பக்கம்.”

“அப்ப உங்கட சீற் உறையையும் கழட்டிவிடவோ?”

“அது இருக்கட்டும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. 1995இல் காரை உடைக்கிற இடத்தில் விட்டபோதும் என் இருக்கையில் அந்த உறை இருந்தது. ஓரங்கள் மஞ்சளாகிப் போயிருந்தன, உள்ளே துணி புதிதாக இருந்தது.

சாமான் வருவதற்கு நத்தார், புதுவருட விடுமுறை தாண்டிவிட்டது. ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை வேலை முடிந்தது. நான் கேட்டதற்காக, பற்றரியின் நிலையைக் காட்டுகிற சின்ன முள் ஒன்றையும் முன்னால் பொருத்தித் தந்தார். அந்த வருடம் ஜனவரிப் பக்கத்தின் தலையில் காரை விற்பதைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு வாசலில் காரை வைத்துக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். மனைவி வந்து குனிந்து பார்த்தாள். பழுப்பு நிறத் துணி, மெல்லிய கோடுகளோடு. அதை அவள் நேரடியாகத் தொட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

“இதுக்குள்ள இப்பிடி ஒரு சீற் இருந்ததோ?” என்றாள். பிறகு என் தோளைப் பிடித்து ஏறினாள். “ஸ்ஸ்” என்றாள். இன்னும் குளிர்தான். சுவிட்சைப் போட்டேன்.

இங்கேதான் என் மூன்று புத்தகங்களிலும் இல்லாத ஒன்று வந்தது. புதுக் கார்களில் இரண்டு மூன்று நிமிடத்தில் வருகிற சூடு, இந்தப் பாயில் வர இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. வழி முழுவதும் நான் கேட்டுக்கொண்டே போனேன்.

“வருதோ?”

“இல்லை.”

“இப்ப?”

“முள்ளைப் பாக்காமல் றோட்டைப் பாத்து ஓடுங்கோ.”

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியபோதுதான், “ம்ம்... இப்ப வருது” என்றாள். நேரம் ஏழுக்கு இருபத்தைந்து. அவள் உள்ளே போய் உடை மாற்ற இன்னும் பதினைந்து நிமிடமாவது இருந்தது. அவள் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதுகை இருக்கையோடு சேர்த்துச் சாய்ந்தாள். அவள் முதுகு அப்படி முழுதாகச் சாய்ந்து நான் அந்தக் காரில் கண்டதில்லை.

அன்றிலிருந்து அப்படியே ஆனது. சூடு வரும்போது இடமும் வந்துவிடும் என்பதால், ஆறு மணிக்கே புறப்படத் தொடங்கினோம். வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில், மரத்துக்குக் கீழே, காரை ஓடவிட்டபடி இருப்போம். எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நிறுத்திய காரில் முள் இறங்கும். பற்றரி செத்துவிட்டால் என்ன செய்வது என்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெற்றோல் வீணாகப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் பேசுவாளா, நான் பேச வேண்டுமா என்று தெரியாது. காரைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். அதை எடுத்துவிட்டால் என்னிடம் பேச்சு மிகக் குறைவு. ஆகவே துணி அறையைப் பற்றிக் கேட்டேன். யார் யார் அங்கே வேலை செய்கிறார்கள், மதியம் எங்கே சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். ஐந்து வருடமாக அவள் வேலை செய்கிற இடம். கேட்டது அப்போதுதான்.

பெப்ரவரியில் லண்டனில் பெரும் பனி கொட்டியது. சில நாட்கள் பஸ்ஸும் ஓடவில்லை, காரும் ஓடவில்லை. பிறகு பனி கரைந்து தெருவோரங்களில் கறுத்த சேறாகக் கிடந்த ஒரு காலை, அந்த மரத்துக்குக் கீழே, அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். நான்காக மடித்து மடித்து ஓரம் நைந்துபோயிருந்தது.

“இது ஒக்ரோபரில வந்தது.”

ஆஸ்பத்திரிக் கடிதம். முதுகெலும்புத் தட்டு ஒன்று நழுவியிருக்கிறது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், முன்னதாக டொக்டரோடு பேச வரவும் என்று இருந்தது. அவள் ஏற்கெனவே பேசிவிட்டு வந்திருந்தாள். காலில் உணர்வு குறைகிற ஆபத்தும் இருக்கிறது என்று சொன்னார்களாம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் உடன கொப்பியில எழுதி, நாளை எண்ணத் தொடங்கியிருவியள். அதோட எனக்கும் பயம்.” அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதுதான் பஸ்ஸில போனது. பஸ்ஸில ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். உங்களுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க ஏலாது.”

“அப்ப குளிர்...?”

“குளிரும்தான்” என்றாள். பிறகு சிரித்தாள். “மூண்டு மாசம் உந்தச் சீற்றோட மல்லுக்கட்டினியள். நானும் சரி, முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். எங்களுக்கு அது பழக்கமில்லை. முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

“அணைக்காதேங்கோ,” என்றாள். “இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு.”

அணைக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் டொக்டர் சொன்னதை அவள் முதலிலிருந்து சொன்னாள். நான் நடுவில் எதையும் கேட்கவில்லை. ஏழுக்குப் பத்து இருக்கும்போது கதவைத் திறந்தாள்.

“இதை எழுதிப்போடாதேங்கோ.”

“இல்லை.”

எழுதவில்லை. அந்த வருடக் கொப்பியில் பெப்ரவரி நடுப்பகுதியில் எதுவும் எழுதாத பக்கங்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றில் எது அந்த நாள் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சை அந்த ஏப்ரலில் நடந்தது. அதன் நாள், நேரம், எந்த வார்டு, எல்லாம் இருக்கிறது. அவள் நடந்துதான் வீட்டுக்கு வந்தாள். இந்த ஒரு காலைக்கு மட்டும் திகதி இல்லை. நினைவில் இருப்பது, அவள் தெருவைக் கடந்து வாசலுக்குள் போகும்வரை பார்த்திருந்து, பிறகு காரைத் திருப்பி ஓட்டி வந்தது. கிங்ஸ்பரி வந்து, வாசலில் நிறுத்தி, சாவியை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன்: சுவிட்சை அணைக்கவே இல்லை. வழி முழுவதும் ஆளில்லாத இருக்கை சூடாகிக்கொண்டே வந்திருந்தது.